மூச்சும் அச்சமும்



தமிழிலே மூச்சைக் குறித்து இரண்டு வழக்குகள் உள்ளன. அமைதியாய் இருப்பவன் மூச்சு விடுகிறான் என்கின்றோம். ஓடிக் களைத்தவனுக்கும் வெருண்டு நடுங்குபவனுக்கும் மூச்சு வாங்குகிறது என்கின்றோம். உள்ளே இழுத்தலும் வெளியே விடுத்தலும் சேர்ந்ததே சுவாசமாயினும், இயல்பான சுவாசத்திற்கு விடுத்தலின் பெயரையும் இடர்ப்பட்ட சுவாசத்திற்கு வாங்குதலின் பெயரையும் நம் முன்னோர் இட்டு வழங்கினர். இஃது ஆராய்ச்சியின் பயனாய் அமைந்த சொல்லாட்சி என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும், பேரச்சத்தினால் மூச்சு முட்டித் தவிக்கும் ஒருவருக்கு எவ்வாறு துணை செய்வது என்பது பற்றி மேனாட்டு மருத்துவம் நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்து கண்ட முடிவு இவ்விரு வழக்குகளுக்கும் மிக அணுக்கமாய் இருக்கின்றது. அந்த வரலாற்றையும், அது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமக்குப் பயன்பட்ட விதத்தையும் இன்று எடுத்துக் கூற விழைகின்றேன்.

முதலிலே, எந்த நிலையைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒருவர் திடீரென்று காரணம் தெரிந்தோ தெரியாமலோ பேரச்சம் கொள்கிறார். நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது, மூச்சு விரைந்து விரைந்து வருகின்றது. காற்றுப் போதவில்லை என்று அவர் மேலும் மேலும் இழுக்கிறார். தலை சுற்றுகின்றது, உதடும் விரல் நுனிகளும் விறைக்கின்றன, சிலருக்குக் கைவிரல்கள் தாமே மடங்கி இறுகிவிடுகின்றன. 'நான் சாகப் போகிறேன்' என்ற எண்ணம் அவரைக் கவ்விக்கொள்கின்றது. ஈழத்து உளமருத்துவர்கள் இவ்வகை மனநிலையைப் பதகளிப்பு என்னும் சொல்லாற் குறிப்பர். நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிய சொல்லையே அவர்கள் எடுத்தாண்டிருப்பது போற்றத்தக்கது.

அச்சம் உடலிலே வெளிப்படும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு மெய்யின்கண் தோன்றுமாற்றைக் கூறும் பகுதியாகும். அங்கே எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சம் வைக்கப்பட்டது. அது பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு எனவும் வகுக்கப்பட்டது. அந்தப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டில் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் நம் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

மூச்சை ஆளுதலும் நமக்குப் பழைய கலையே. திருமூலர் தம் திருமந்திரத்திலே பூரகம், கும்பகம், இரேசகம் என்னும் மூன்றுக்கும் அளவு கூறுகின்றார். உள்ளிழுத்தலாகிய பூரகத்துக்கு மாத்திரை 16. வெளிவிடுத்தலாகிய இரேசகத்துக்கு மாத்திரை 32. இழுப்பதைப்போல் இரு மடங்கு நேரம் எடுத்து விடவேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இனி, மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதையைப் பார்ப்போம். அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிலே தம் மருத்துவப் பணியையும் மாணவர்க்குக் கற்பிக்கும் பணியையும் தொடங்கினார். தாயகம் சென்று 1862ஆம் ஆண்டு மீண்டும் வந்தபின், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். இரண வைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் என்றெல்லாம் அவரும் அவர் மாணவரும் மொழிபெயர்த்து வெளியிட்ட நூல்கள் பல. உடல் உறுப்புகளின் அமைப்பை அங்காதிபாதம் என்றும் அவற்றின் தொழிலைச் சுகரணம் என்றும் அவர் பெயரிட்டார். நுரையீரல் எவ்வாறு இயங்குகின்றது, குருதி எவ்வாறு ஓடுகின்றது என்பவற்றைத் தமிழன் தன் மொழியிலேயே படிக்கலாம் என்ற நிலை இவ்வாறு மானிப்பாயில் உருவாயிற்று. 1884ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மானிப்பாயில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி ஒரு வைத்தியசாலை நிற்கின்றது.

கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இந்நூல்களை ஆக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் தாயகத்திலே ஓர் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்தது. 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை நடந்த அப்போரிற் பங்குகொண்ட வீரர் பலர், காயம் எதுவும் இல்லாதிருந்தும், நெஞ்சுப் படபடப்பும் மூச்சுத் திணறலும் தலைச்சுற்றலும் உற்று வைத்தியசாலைகளுக்கு வந்தனர். யாக்கோபு டா கொஸ்டா என்னும் மருத்துவர் பிலடெல்பியாவில் அத்தகையோர் முந்நூறு பேருக்கு மேற்பட்டோரைக் கவனித்து, 1871ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குற்றம் இதயத்தில் இருக்கின்றது என்பது அவர் துணிபு. முதலாம் உலகப் போரிலும் இதே துன்பம் ஆயிரக்கணக்கான வீரரை வாட்டியது. அப்போது அதற்குப் 'போர்வீரன் இதயம்' என்றே பெயர் வழங்கியது. இங்கிலாந்தின் தோமஸ் லூயிஸ் 1918ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். போர் நடக்கும் இடமெல்லாம் இந்நோய் தோன்றியது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். அது கோழைகளின் நோயன்று. களத்திலே நின்றவர்களின் நோய்.

குற்றம் இதயத்தில் மட்டும் தேடப்பட்டவரை விடை கிடைக்கவில்லை. மூச்சைப் பார்த்தவர்களுக்கே அது கிடைத்தது. 1908ஆம் ஆண்டில் ஹோல்டேன், பூல்ட்டன் என்னும் இருவர், வேண்டுமென்றே விரைந்து மூச்சு வாங்கினால் உடலில் என்ன நேர்கின்றது என்பதை விவரித்தனர். 1920ஆம் ஆண்டில் கிராண்ட், கோல்ட்மன் என்போர், மிகையாக மூச்சு வாங்குவதனாலேயே நலமுள்ள ஒருவரின் கைகால்கள் இறுகி மடங்கச் செய்யலாம் என்று காட்டினர். 1937ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கேர் என்பவரும் அவர் துணைவரும், பதகளிப்புக் கொண்டோரின் உடற்றுன்பங்களுட் பலவற்றுக்கு இந்த மிகைச் சுவாசமே காரணம் என நிறுவினர்.

அதன் சூட்சுமம் இதுதான். நாம் வெளியே விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு என்னும் வாயு இருக்கின்றது. கழிவு வாயு என்று பாடசாலையிற் படித்தோம். ஆனால் அது முற்றாகக் கழிந்துவிட்டாலும் உடலுக்கு ஆகாது. குருதியில் அதற்கென ஓர் அளவு இருக்கவேண்டும். அச்சத்தால் ஒருவர் விரைந்தும் ஆழ்ந்தும் சுவாசிக்கும்போது அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகின்றது. அதனால் குருதியின் காரத்தன்மை கூடுகின்றது. மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகின்றது, கண் மங்குகின்றது. குருதியிலே தனித்து உலவும் கல்சிய அயன்கள் குறைகின்றன. அதனால் உதடு விறைக்கின்றது, விரல்கள் மடங்குகின்றன. இத்தனைக்கும் அவர் குருதியில் ஒட்சிசன் ஏறக்குறைய நிறைவாகவே இருக்கின்றது. காற்று இல்லை என்று அவர் தவிப்பது பொய்யன்று. ஆனால் தவிப்பின் காரணம் காற்றுக் குறைவு அன்று, காற்று மிகுதி. இந்த உடல் மாற்றங்களைக் கண்டு அவர் மேலும் அஞ்சுகிறார்; அஞ்சியதனால் மேலும் மூச்சு வாங்குகிறார். அச்சம் மூச்சை விரட்ட, மூச்சு அச்சத்தை வளர்க்க, இரண்டும் செக்குமாடு போற் சுற்றிச் சுற்றி வருகின்றன.

இந்த அறிவு நூல்களில் இருந்தது. நம் முற்றங்களில் இருக்கவில்லை. நம் ஊரிலே இவ்வாறு ஒருவர் விழுந்தால் என்ன செய்தோம்? அயலட்டை எல்லாம் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது. முகத்திலே தண்ணீர் அடித்தோம். விரல் மடங்கியதைக் கண்டு வலிப்பென்று எண்ணிக் கையிலே திறப்புக்கோவையைத் திணித்தோம். பேய் பார்த்துப் பயந்தது என்று சொல்லிப் பார்வை பார்த்தோம், நூல் கட்டினோம். எல்லாம் அன்பினாற் செய்தவையே. திருநீறு இட்டுத் தலையைத் தடவிய கை அமைதியையும் கொடுத்திருக்கும். ஆனால், கூட்டமும் கூச்சலும் நோயாளியின் அச்சத்தை வளர்த்தன என்பதில் ஐயமில்லை.

பின்னர் போர்க்காலம் வந்தது. 1987ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் சண்டையில் நல்லூர்க் கோயிலிலும் பிற கோயில்களிலும் பாடசாலைகளிலும் சனம் தஞ்சம் புகுந்து கிடந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, கொட்டும் மழையிலே வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. டா கொஸ்டா வீரரிடத்தே கண்டதை நாம் பெண்களிடத்தும் பிள்ளைகளிடத்தும் முதியோரிடத்தும் கண்டோம். நம் மக்கள் மனத்துன்பத்தை மனத்துன்பம் என்று சொல்லாமல் நெஞ்சுநோ, தலையிடி, மூச்சு முட்டு என்றே வைத்தியரிடம் முறையிடுவர்.

அந்த முறையீட்டைக் கேட்டு அதன் உட்பொருளை உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள். 1993ஆம் ஆண்டில் அவர் 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தோன்றிய சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. நம் பண்பாட்டிலே ஊறிய மூச்சுப் பயிற்சியும் சாந்தி ஆசனமும் செபமும் சிகிச்சையின் பகுதிகளாயின. சைவருக்கு அவர் மந்திரமும் கிறித்தவருக்கு அவர் செபமும் பயன்பட்டன. ஒரு வைத்தியர் இலட்சம் பேரைப் பார்க்க இயலாது. ஆகவே ஆசிரியரும் கிராமத்துப் பணியாளரும் பயிற்றப்பட்டனர். வைத்தியசாலையில் இருந்த அறிவு முற்றத்துக்கு வந்தது இவ்வாறே.

அப்பயிற்சி என்னை வந்தடைவதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்றை ஒளிக்காமற் சொல்லுதல் என் கடமை. 1996ஆம் ஆண்டு தை மாதம். நான் அப்போது இளம் ஆசிரியன். தென்மராட்சியில் ஒரு வீட்டு வளவிலே, ஓலைக் கொட்டிலின் கீழ் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. வானில் விமானத்தின் இரைச்சல் கேட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று மூச்சு வாங்கத் தொடங்கினான். "சேர், வாய் விறைக்குது, சேர், நான் சாகப்போறன்" என்றான். அவன் விரல்கள் மடங்கின. நான் பதறிப்போய், "நல்லா மூச்சை இழு தம்பி, இன்னும் இழு, இன்னும் ஆழமா இழு" என்று உரத்துச் சொன்னேன். அவன் இழுத்தான், நிலைமை முன்னிலும் கேடாயிற்று. மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினர்.

அந்த வீட்டு ஆச்சி குசினியிலிருந்து வந்தார். பிள்ளைகளை அப்பால் போகச் சொன்னார். பையனைத் தம் பக்கத்தில் இருத்தினார். "ஒண்டுமில்லை ராசா. நான் இஞ்சதான் இருக்கிறன். மூச்சை விடு. அடுப்பு ஊதுற மாதிரி மெல்ல ஊதி விடு" என்று சொல்லித் தாமும் மெல்ல ஊதிக் காட்டினார். அவன் அவர் வாயையே பார்த்தபடி ஊதினான். சில நிமிடங்களில் விரல்கள் விரிந்தன. நான் பட்டதாரி, அவர் எத்தனையாம் வகுப்பு வரை படித்தாரோ அறியேன். ஆனால் நான் 'இழு' என்றேன், அவர் 'விடு' என்றார். வேறுபாடு அந்த ஒரு சொல்லிலேதான் இருந்தது. பின்னாளில் பயிற்சி வகுப்பிலே மிகைச் சுவாசத்தின் விளக்கத்தைக் கேட்டபோது, திருமூலரின் 16ஐயும் 32ஐயும் அந்த ஆச்சியையும் ஒருங்கே நினைத்துக்கொண்டேன்.

இனி, நேயர்களாகிய நீங்கள் செய்யத்தக்கவற்றைக் கூறுகின்றேன். முதலாவது, உங்கள் மூச்சை நிதானப்படுத்துங்கள். பதறுபவர் பதறுபவரைத் தேற்ற இயலாது. இரண்டாவது, கூட்டத்தை விலக்கி, அவரை நிமிர்ந்து இருக்கச் செய்து, பக்கத்தில் இருங்கள். மூன்றாவது, சிறிய வாக்கியங்களிலே தாழ்ந்த குரலிற் பேசுங்கள்: இது பயத்தால் வந்த மூச்சு, சற்று நேரத்தில் அடங்கும், நான் போகமாட்டேன் என்று சொல்லுங்கள். 'சும்மா நடிக்காதே', 'இதற்கெல்லாம் பயமா' என்று சொல்லாதீர்கள். நான்காவது, மூச்சை மெல்ல வெளியே விடச் சொல்லுங்கள். மூக்கால் மென்மையாக நாலு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடலாம். நீங்களும் உடன் செய்யுங்கள். எண்ணிக்கை பிடிபடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். கும்பகமாகிய மூச்சை அடக்குதல் இந்நேரத்துக்கு உரியதன்று. ஐந்தாவது, மூச்சு அடங்கத் தொடங்கியதும் அவர் கவனத்தைச் சூழலுக்குத் திருப்புங்கள்: காலின் கீழ் உள்ள நிலம், கண்ணெதிரே நிற்கும் மரம், கேட்கும் ஒலி எனச் சிலவற்றைச் சொல்லச் சொல்லலாம்.

கடதாசிப் பையை முகத்திலே பிடித்து மூச்சு விடச் செய்யும் வழக்கம் ஒன்று உலகெங்கும் இருந்தது, நம்மவரிடையேயும் அறியப்பட்டது. இழந்த காபனீரொட்சைட்டை மீட்கலாம் என்பது அதன் கருத்து. ஆயினும் 1989ஆம் ஆண்டில் கலஹம் என்னும் அமெரிக்க மருத்துவர் அதன் ஆபத்தை எடுத்துக் காட்டினார். மாரடைப்போ ஒட்சிசன் குறைவோ உள்ளவர்களைப் பயந்தவர் எனத் தவறாக எண்ணிப் பையைப் பிடித்ததனால் மூவர் இறந்தமையை அவர் பதிவு செய்தார். ஆதலால் அவ்வழக்கத்தைக் கைவிடுதலே அறிவுடைமை.

இதிலிருந்து மற்றோர் எச்சரிக்கையும் பிறக்கின்றது. மூச்சு வாங்குவோர் எல்லாரும் அச்சத்தால் வாங்குபவர் அல்லர். முட்டு வருத்தம், மாரடைப்பு, நீரிழிவின் முற்றிய நிலை, பூச்சிக்கடி அல்லது உணவினால் வரும் ஒவ்வாமை ஆகியவையும் இவ்வாறு தோன்றக்கூடும். முதன்முறையாக இப்படி வந்தவரை, நெஞ்சுநோ கை, தாடை நோக்கிப் பரவுபவரை, உதடு நீலம் பாரித்தவரை, மூச்சு விடும்போது விசில் போன்ற இரைச்சல் கேட்பவரை, மயங்கி விழுந்தவரை, சிறிது நேரத்தில் தெளியாதவரை, வயது முதிர்ந்தவரைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி வரும். ஐயம் எழுந்தால் வைத்தியரிடம் போவதே முறை. பயந்தான் என்று தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. அடிக்கடி இவ்வாறு வருமாயின் அதற்குச் சிகிச்சை உண்டு என்பதையும், உளமருத்துவரிடம் செல்வது இழுக்கன்று என்பதையும் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு நிறுவனங்களும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், இணை என்னும் மூன்று சொற்களில் முழுமுறையையும் அடக்கியது. ஆபத்து உண்டா என்று பார். துன்புற்றவர் சொல்வதைக் கேள். வேண்டிய உதவியுடன் அவரை இணைத்துவிடு. எனினும், இம்மூன்றுக்கும் முன்னே ஒன்று உண்டு. அது, விட்டு ஓடாமல் இருத்தல்.

போர் ஓய்ந்தது 2009ஆம் ஆண்டில். அச்சம் அதனோடு ஓய்ந்துவிடவில்லை. இன்று என் பாடசாலையிலே போரைக் காணாத பிள்ளைகள் படிக்கின்றனர். பரீட்சை மண்டபத்தின் வாசலில் அவர்களுள்ளும் சிலருக்கு மூச்சு வாங்குகின்றது. அவர்கள் பெற்றோருக்குத் திருவிழா வெடி கேட்டாலே நெஞ்சு பதறுகின்றது. யாழ்ப்பாணத்து மக்கள் நெஞ்சிற் பதித்து வைத்திருக்கும் யோகர் சுவாமிகளின் வாசகம் ஒன்று உண்டு: ஒரு பொல்லாப்பும் இல்லை. பதறுகின்ற ஒருவர் பக்கத்திலே அமர்ந்து, நம் மூச்சை மெல்ல விட்டபடி இவ்வாசகத்தை மெய்யாகவே நம்பிச் சொல்வோமாயின், கேட்பவர் மூச்சும் சிறிது சிறிதாக நம் மூச்சின் வழியே வரும். அன்று அந்த ஆச்சி செய்தது அதுவே. இன்று நம் ஒவ்வொருவராலும் செய்யக்கூடியதும் அதுவே.